ஒன்பதாம் நம்பர் குஷன்

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீட்டில் இருபத்து நான்கு படகு குஷன்கள் இருந்தன. படகு ஒன்றுகூட இல்லை. டெல்லியில் படகுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. ஏரி இருக்கிறது, பெடல் மிதித்து ஓட்டும் படகுகள் இருக்கின்றன, அவற்றைப் பராமரித்த காண்டிராக்டரிடம் அப்பா சூப்பர்வைசராக இருந்தார். மழைக்காலம் முடியும்போது சீட் குஷன்களெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுத்திருக்கும். சீசன் தொடங்கும் முன் சுத்தம் செய்யவேண்டும் என்று அப்பா அவற்றை டெம்போவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். கொண்டுவருவது அப்பா, சுத்தம் செய்வது அம்மா.

வீடு கிட்வாய் நகரில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸ். எங்கள் குடும்பத்தில் சர்க்கார் வேலை யாருக்கும் கிடையாது. குவார்ட்டர்ஸ் யார் பேரில் இருந்ததோ அவர் கரோல் பாக்கில் மாமனார் வீட்டு மாடியில் சௌகரியமாக இருந்தார். அவருடைய குவார்ட்டர்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். சட்டப்படி இது கூடாது. பிடிபட்டால் அவருக்கு வேலையில் சிக்கல், எங்களுக்கு நடுத்தெரு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் நான் எவ்வளவு குழம்பிப்போயிருந்தேன் என்பது விளங்கும்.

அம்மா ஜிப்பைத் திறந்து ரெக்சின் உறையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷால் தேய்ப்பாள். உள்ளே இருக்கும் ஃபோமை மட்டும் குழாய்ப் பக்கமே கொண்டுபோகமாட்டாள். ஈரத்துணியால் ஒற்றி, மொட்டைமாடிச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு நாள் வெயில் காட்டுவாள்.

"ஃபோம் தண்ணி குடிச்சா லேசுல விடாதுடி. மேல காஞ்சாப்பல இருக்கும், உள்ள அப்படியே நிக்கும்" என்பாள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு குஷனிலும் படகின் நம்பரை வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். அதில் ஒன்பதாம் நம்பர் ஃபோமில் மட்டும் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம். அம்மா காய்கறி வாங்கப் போன நேரத்தில் அவளுக்கு ஒத்தாசை செய்வோமே என்று அதைப் பாத்ரூமுக்கு இழுத்துப்போய்ச் சோப்பைத் தேய்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். அது குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கறை போகவில்லை. ஏறி நின்று மிதித்தேன். மிதிக்க மிதிக்கத் தண்ணீர் வந்ததே தவிர, தீருவதாக இல்லை. அம்மாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் ஃபோமை உறைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து, மேலே துடைத்து, காய்ந்த குஷன்களோடு அடுக்கிவிட்டேன். பார்க்க அதுவும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி வந்து அம்மாவிடம் ஏதோ கிசுகிசுத்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா வேலைக்குப் போகவில்லை. அரைமணி நேரத்தில் கரோல் பாக்காரர் ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, தன் சட்டைகளை எங்கள் ஆணியில் மாட்டினார். "செக்கிங் வர்றாங்க, செக்கிங் வர்றாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குஷன் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"யாராவது கேட்டா இவரு உன் பெரியப்பான்னு சொல்லணும். நாம இவரோட இருக்கோம், புரிஞ்சுதா? மாத்திச் சொன்னியோ, முதுகுத்தோல உரிச்சுடுவேன்" என்றாள் அம்மா.

பொய் சொன்னால் அடி விழுகிற வீடு எங்களுடையது. அன்று சொல்லாவிட்டால் அடி. ஒரு குஷன் நனைந்ததற்கு எதற்காகப் புதிதாக ஒரு பெரியப்பா? அப்பா எப்போதும் அவரை சார் என்பார். அன்று அண்ணே என்று பழகிக்கொண்டிருந்தார், "சார்ண்ணே" என்றே வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை குஷன்களுக்கும் காரணம் சொல்ல முடியாது என்று அம்மா அவற்றைச் சுவரோரமாகப் போட்டு, மேலே பெட்ஷீட் விரித்துத் திவான் கட்டில் மாதிரி ஆக்கினாள். ஒன்பது எங்கே போகிறது என்று நான் கண்ணை எடுக்காமல் பார்த்துவைத்து, ஆபீசர் உள்ளே நுழைவதற்குள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீசர் வயதானவர், கையில் ஃபைல். சமையலறையை எட்டிப் பார்த்தார், பெரியப்பாவின் சட்டைகளைப் பார்த்தார். பாத்ரூம் இருட்டாக இருக்கிறது, விளக்கைப் போடுங்கள் என்றார். பெரியப்பா ஒரு ஸ்விட்சைத் தட்டினார், மின்விசிறி சுற்றியது. இன்னொன்றைத் தட்டினார், வாசல் விளக்கு எரிந்தது. ஆபீசர் ஃபைலில் எழுத ஆரம்பித்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "பேட்டா, இதர் ஆவோ" என்று பக்கத்தில் கூப்பிட்டார்.

எழுந்து போனால் எல்லாம் தெரிந்துவிடும். நான் அசையவில்லை. பெரியப்பாவைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். வீட்டில் எல்லாருடைய கண்ணும் என் வாய்மேல் இருந்தது. என் கவலையெல்லாம் கீழே. அவ்வளவு நேரம் நான் அழுத்தி உட்கார்ந்திருந்ததில் ஜிப் வழியாகத் தண்ணீர் கசிந்து, பெட்ஷீட் நனைந்து, பாவாடை நனைந்து, தரையில் ஒரு கோடாக இறங்கி அவருடைய ஷூவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"நான்தான் பண்ணேன். தெரியாமப் பண்ணிட்டேன்" என்று தமிழில் கதறினேன்.

குழந்தை என்ன சொல்கிறது என்று அவர் ஹிந்தியில் கேட்டார். பெரியப்பா சுதாரித்துக்கொண்டு, "பச்சி டர் கயீ, சாப்" என்றார். பயந்துவிட்டாளாம்.

ஆபீசர் பேனாவை மூடினார். எழுதியிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உருவி நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் தலையில் கைவைத்து, குழந்தைக்கு முதலில் துணி மாற்றுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். வாசலில் செருப்புகளைத் தாண்டும்போது பெரியப்பாவிடம், அடுத்த தடவை தான் வருவதற்குள் பாத்ரூம் ஸ்விட்ச் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்றார். குஷனுக்கும் ஸ்விட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. கட்டிக்கொண்டு அழுதாள், பாவாடையை மாற்றிவிட்டாள். பெரியப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார், மறுபடி யாருக்கும் பெரியப்பாவாக இல்லை. சாயங்காலம் அப்பா ஒன்பதாம் நம்பரின் ஜிப்பைத் திறந்து, ஃபோமை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கிறவளைப் பற்றி, பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டாள் என்று ஒரு பெரிய மனிதர் நினைத்துக்கொண்டு போகிறார், வீட்டில் ஒருவரும் அதைத் திருத்தவில்லை. நான்கு வருஷம் கழித்து அந்தக் காலனியை விட்டு நாங்களாகவே கிளம்பும்வரை அவரை எங்காவது பார்க்க மாட்டோமா என்று தேடிக்கொண்டிருந்தேன். பார்த்தால், அது வெறும் தண்ணீர்தான் அங்கிள் என்று சொல்லிவிட வேண்டும். அதை ஹிந்தியில் பிழையில்லாமல் சொல்லப் பழகியும் வைத்திருந்தேன்.