மாமாவின் சீ

கொழும்பிலிருந்து வந்த மாமா, மாமியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை "சீ" என்பதுதான். கோயில் முழுக்கக் கேட்டது. மாமா அம்மாவின் தம்பி. மாமி அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் கலியாணம் ஆகாத காலம்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் மாதா கோயிலுக்கு மாமிதான் ஆர்மோனியம். உப்புக்காற்றில் ஊறின பெட்டி. ஒரு கட்டையை அமத்தினால் எழும்பாது, நகத்தால் கிளப்பிவிட வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. ஒன்பது வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடம் போகாத பிள்ளை நான். கட்டைகளில் சோக்குக்கட்டியால் எழுதியிருந்த இங்கிலீசு எழுத்தெல்லாம் எனக்கு நண்டுக்கால் கீறல். இன்றைக்கும் அப்படித்தான், பேத்தி எழுதிக் காட்டிச் சிரிக்கிறாள்.

மாமா கொழும்பில் ஒரு பைலாப் பாட்டுக் கோஷ்டியில் இருந்தவர். வரும்போது பளபளவென்று ஒரு சாக்சபோன் கொண்டுவந்தார். திருநாள் பூசையில் அதை ஊதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆர்மோனியத்தோடை ஒத்து வந்தால் ஊதும். இல்லாட்டி உறைக்குள்ளை வையும்" என்றுவிட்டார் சுவாமியார்.

ஒத்து வந்தால்தானே! திருநாளுக்கு மூன்று நாள் இருக்க, மாமி கட்டையை அமத்த மாமா ஊத, ஆடும் மாடும் ஒன்றாய்க் கத்தினது போல் இருந்தது.

"சீ, மச்சாள்! சீ!" என்று மாமா கத்தினார்.

மாமி எழும்பிவிட்டார். "ஆரைப் பாத்துச் சீ எண்டுறியள்? கொழும்புக்குப் போனால் மரியாதை மறந்து போகுமோ?"

"ஐயோ, உங்களைச் சொல்லேல்லை. சீக் கட்டையை அமத்துங்கோ எண்டனான்."

"அதைத்தானே அமத்துறன்! இந்தா, எழுதிக் கிடக்கு."

"நானும் சீதான் ஊதுறன்!"

பாட வந்த பெட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எழுத்து இல்லை, காது இருந்தது. மாமாவை ஊதிக்கொண்டே நிற்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டையாய் அமத்திப் பார்த்தேன். மாமியின் சீயை விட்டு, அதற்கு மேலே வெள்ளை கறுப்பு எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்றாவது, ஒரு கறுப்புக் கட்டை.

"மாமாவின்ரை சீ இஞ்சை கிடக்கு!"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். கொழும்பில் கோஷ்டி மாஸ்டர் அவருடைய குழலுக்கென்று வேறாகத் தாள் எழுதிக் கொடுப்பாராம். பெயர் ஒன்றாயிருந்தாலும் சத்தம் வேறு என்று அவர் யோசிக்கவே வேண்டி வரவில்லையாம்.

"அப்ப நான் ஒவ்வொண்டுக்கும் மூண்டு கட்டை கீழை இறங்கவேணும். உங்கடை சீக்கு நான் ஏ."

"முதல் சீ, இப்ப ஏயோ? இறங்குங்கோ, இறங்குங்கோ. அதுதான் நல்லது" என்றார் மாமி. ஆனால் சிரித்துக்கொண்டு.

பாட்டு முழுவதையும் மூன்று மூன்றாய் இறக்கி எழுதி, திருநாளன்று மாமா ஊதினார். கிழவிகள் செபமாலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா பின்னேரம் தோறும் குழலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பழகவென்று மாமியும் கோயில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"இன்னும் ஒத்து வரேல்லை, மச்சாள்."

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் கேக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், "பொய்! சரியாத்தானே இருக்கு!" என்றேன். அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் ஓடினார். பாவம், இவர்கள் இரண்டு பேருக்கும் காதில் ஏதோ பழுது என்று நினைத்து, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினேன்.

தையில் அவர்களுக்குக் கலியாணம். மாமாவின் பெண்சாதியும் மாமிதானே, நான் கூப்பிட வேறு பெயர் தேடவில்லை. மாதாவும் என்னைக் கைவிடவில்லை. அதற்குப் பிறகு ஒத்து வரவில்லை என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை.