இன்னும் கொஞ்ச தூரம்

நாங்கள் கப்பலிலிருந்து இறங்குவதற்கு ஒன்பது நாள் முன்னரே என் தந்தையார் குளுவாங் தோட்டத்தில் குளிர்காய்ச்சலால் இறந்துபோயிருந்தார். ஜொகூரில் எங்களை ஏற்றுக்கொண்ட வீட்டார் அனைவரும் அதனை அறிந்திருந்தனர். அறியாதவர்கள் அம்மாவும், ஏழு வயதினளாகிய நானுமே.

அவ்வீட்டுக்காரர் முன்னொரு காலத்தில் தந்தையாரோடு ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்தவர். சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குத் தாமே வந்து எங்களை அழைத்துச் சென்றார். “மச்சானுக்குத் தோட்டத்துல லீவு கெடைக்கல தங்கச்சி. ரெண்டு நாள்ல வந்துருவாரு” என்றார். முதற்பேச்சிலேயே அம்மாவைத் தங்கையாக்கிக்கொண்டமையால் அவர் எனக்கு மாமா ஆனார். அவர் மனைவியார் அத்தை ஆனார். உறவு இவ்வளவு எளிதிற் கிடைப்பது கண்டு நான் மகிழ்ந்தேன். உடன்பிறந்தான் என்னும் முறைக்குச் சில கடமைகளும் உண்டென்பதை அறியேன்.

அவ்வீட்டில் மூத்த மகளுக்குத் திருமணம் உறுதியாகி, வாசலில் மாவிலை கட்டிய பந்தற்காலும் நட்டாயிற்று. கால் நட்ட வீட்டில் அழுகுரல் எழலாகாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே செய்தியைச் சொல்லவும் மாட்டாமல், சொல்லாதிருக்கவும் மாட்டாமல் தவித்த மாமாவும் அத்தையும் ஒரு வழி கண்டனர். ஊர் சுற்றிக் காட்டுவதாகக் கூறி எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது. செய்தியை அங்கே சொல்வது. அக்கடலிலேயே அம்மாவைத் தலைமுழுகச் செய்து, வீடு திரும்பாமல் மாமாவே எங்களைக் குளுவாங்குக்கு ரயிலில் அழைத்துப் போவது. இத்திட்டத்தைப் பல்லாண்டு கழித்து அத்தையே எனக்குக் கூறினார்.

கடற்கரைக்குப் போவதற்கு முந்தின மாலை, மணப்பெண்ணாகிய அக்காளோடு கண்ணாமூச்சி ஆடிய நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தேன். அங்கே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பச்சைத் தகரப்பெட்டி இருந்தது. பழஞ்சேலைக் கரையைத் திரித்து அம்மா கட்டிக்கொடுத்த கைப்பிடி அதில் அப்படியே தொங்கியது. சென்ற ஆண்டு தந்தையார் ஊருக்கு வந்திருந்தபோது அதன்மேல் ஏறிக் குதித்து அடி வாங்கியவள் நான்.

அம்மா கொல்லைப்புறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கலியாண மஞ்சள் இடிக்க அவள் உலக்கையைத் தொடப்போகுந்தோறும் அத்தை, “கப்பல்ல வந்த ஒடம்பு, செத்த ஒக்காரு தங்கச்சி” என்று தடுத்துவிடுவார். நான் ஓடிப்போய் அவள் காதிற் சொன்னேன்:

“அம்மா, அப்பா வந்துட்டாங்க! அவங்க பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு!”

“தொறந்து பாத்தியா?”

“ம். சட்டையெல்லாம் மடிச்சு வெச்சிருக்கு. மூக்குக்கண்ணாடிகூட இருக்கு.”

கண்ணாடியின்றித் தந்தையார் பத்தடியும் நடக்கமாட்டார். அம்மா மஞ்சள் உரலையே நெடுநேரம் பார்த்திருந்தாள். பிறகு, “அத்தைகிட்டச் சொல்லாத. பெட்டியத் தொறந்தேன்னு தெரிஞ்சா திட்டுவாங்க” என்று சொல்லி, அடுத்த பூண்டை எடுத்தாள். அன்றிரவு அவ்வீட்டில் ஓர் ஓசையும் எழவில்லை.

மறுநாட்காலையில் அத்தை அம்மாவை மஞ்சள் பூசிக் குளிக்கச் செய்தார். தலை கொள்ளாத மல்லிகை சூட்டி, முழங்கைவரை கண்ணாடி வளையல் அடுக்கி, காசளவு குங்குமம் இட்டார். எனக்குக் கிடைத்ததோ சாணளவுச் சரம்.

“அம்மாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பூவு?” என்று கேட்டேன்.

அத்தை சமையற்கட்டுக்குள் போய்விட்டார். அம்மா தன் தலையிலிருந்து ஒரு முழம் எடுத்து எனக்கு வைத்தாள்.

மாமா ஒரு துணிப்பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பலகாரம் என்று எண்ணினேன். ரிக்‌ஷாக்களில் ஏறிச் சுல்தானின் அரண்மனை மதிலைக் கண்டோம். மேட்டின்மேல் நின்ற வெண்ணிறப் பள்ளிவாசலைக் கண்டோம். வந்த அன்று இருளில் கடந்த, கடலை மறித்துக் கல் கொட்டிக் கட்டிய பாலத்தையும் கண்டோம். “அலமாக்! அங்க பாரு குட்டி, கடல் நடுவுல ரயிலு! ஒங்க ஊர்ல உண்டா?” என்று மாமா மலாய்க்காரர்போல் வியந்து கூவினார். அவர் உரத்துச் சிரிக்குந்தோறும் அத்தை தலைகுனிந்துகொண்டார்.

கடல்தான் எனக்கு ஏமாற்றமளித்தது. எங்கள் நாகப்பட்டினத்துக் கடல் ஓயாமல் எழுந்து விழும். இதுவோ அலையேயின்றிக் குளம்போற் கிடந்தது; சேறும் கருவாடும் கலந்த வாடை வீசியது. மணல் தொடங்கிய இடத்தில் மாமா நின்று, “இங்க ஒக்காரலாமா தங்கச்சி?” என்றார்.

“இன்னும் கொஞ்ச தூரம் போலாம் அண்ணே.”

கப்பலில் வந்த நாளெல்லாம் கடலைக் கண்ணெடுத்தும் பாராதவள் அம்மா. அன்று மட்டும் அது என்ன மரம், அக்கரையில் என்ன ஊர் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். மாமா மீண்டும் நின்றார். “இன்னும் கொஞ்ச தூரம்” என்றாள். எனக்குக் கால் வலித்தது. மூன்றாம் முறையும் அதனையே சொன்னாள். முடிவில் மணல் தீர்ந்து, சேற்றிலிருந்து எழுந்த வேர்க்கூட்டம் வழியை மறித்தது.

மாமா தொண்டையைச் செருமினார். “தங்கச்சி... மச்சான் வந்து...” என்று இழுத்தார்.

“தெரியும் அண்ணே. புள்ள சாப்ட்டு முடிக்கட்டும்” என்றாள் அம்மா.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு மணலில் அமர்ந்துவிட்டார். பிறகு எனக்குப் புளிச்சோறு எடுத்து வைத்தார். மூன்று பெரியவர்களும் நான் உண்பதையே பார்த்திருந்தனர். அவ்வாறு எவரும் என்னைப் பார்த்ததில்லை. அப்பெருமையில் ஒவ்வொரு பருக்கையாகத் தின்றேன். விரைந்து முடிக்குமாறு ஒருவரும் கூறவில்லை.

நான் கை கழுவியதும் அம்மா தானே தலையிலிருந்து பூவை எடுத்தாள். மாமா பொட்டலத்தைப் பிரித்தார். பலகாரமன்று; வெள்ளைச் சேலை. கணவனை இழந்தவளுக்கு உடன்பிறந்தான் கொடுக்கவேண்டிய கோடி அது. அத்தை என் தோளைப் பற்றிப் பாலத்தின் பக்கம் திருப்பி, “ரயிலு வருதான்னு பாரு கண்ணு” என்றார். ரயில் வரவில்லை. முதுகுக்குப் பின்னால், நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல் நீரின்மேல் எழுந்தது.

நான் நடுங்கினேன். ஆனால் அக்குரலுக்காக அன்று. ‘தெரியும்’ என்று அம்மா சொல்லிவிட்டாளே; பெட்டியைத் திறந்தவள் நான்தான் என்பதை அத்தை கண்டுகொண்டிருப்பாரே! இப்போது திட்டுவார், சிறிது நேரம் கழித்துத் திட்டுவார் என்று நிலையம்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ரயில் புறப்படும் வேளையில் அவர் சன்னல் வழியாகக் கைநீட்டி என் கன்னத்தைத் தடவினார்.

நல்லவேளை, மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.