தேவலைங்க என்ற பதிலை எண்ணியவன்

புள்ளியியல் பேராசிரியராக ஓய்வு பெற்ற பிறகு, கோவையில் ஒரு மருத்துவ ஆய்வுக்கு உதவப் போனேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சித்த மருத்துவக் கஷாயம் பலன் தருகிறதா என்று பார்க்கும் ஆய்வு. வந்தவர்களில் பாதிப்பேர் சோமனூரில் தறி ஓட்டுகிறவர்கள். எதை வைத்துப் பலனை அளப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவன் நான். உடம்பில் திடீரென்று சூடு பரவுவது ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவே நேரில் கேட்டு எழுதட்டும் என்றேன்.

மற்றப் படிவங்களை நிரப்பும் நர்ஸ் அன்னூர்க்காரர். கூட்டத்தில் அவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க சார், தறிக்குடோன்ல எந்நேரமும் வேர்வைதானுங்க. அதுல எதைன்னு எண்ணுவாங்க? தூக்கத்தைக் கேளுங்க. அதையும் டாக்டரம்மா கேக்க வேண்டாம். டாக்டர் கேட்டா நம்ம சனம் தேவலைங்கன்னுதான் சொல்லும்."

"அம்மணி, உலகம் பூரா இதைத்தான் எண்ணுறாங்க" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முடிவு வந்தது. கஷாயம் குடித்தவர்களுக்குச் சூடு பரவுவது குறைந்திருந்தது. மருந்தே இல்லாத போலிக் கஷாயம் குடித்தவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. ஆய்வு முடிந்த பிறகும் உடம்பைக் காட்ட வந்து, டாக்டரம்மாவிடம் அப்போதுதான் "தேவலைங்க" என்று சொல்லிவிட்டு வந்த ஒரு பெண்ணை, நர்ஸ் வராந்தாவில் என்முன் நிறுத்தினார்.

"சார்கிட்ட நெசத்தைச் சொல்லுங்க்கா."

"தூக்கமே இல்லீங்க. பகல்ல தறிமேலயே சாயறனுங்க. இழை அறுந்தாக்கூடத் தெரியறதில்ல."

"அப்புறம் ஏம்மா தேவலைன்னீங்க?"

"இத்தன நாளா அக்கறையாக் குடுத்தவிங்க மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க இல்லீன்னு சொல்றது?"

கஷாயம் பயன்படாது என்றும் சொல்ல முடியவில்லை, பயன்படும் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்களின் மரியாதையைத்தான் நான் அளந்திருந்தேன். அடுத்த கூட்டத்தில், தவறு என்னுடையது, நர்ஸ் முன்பே சொன்னார், நான் சிரித்தேன் என்று எழுந்து சொன்னேன். இரண்டாவது ஆய்வுக்கான அளவுகளை அவரே அந்தப் பெண்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். எத்தனை மணி நேரம் தூங்கினேன், வேலையில் எத்தனை தடவை கண்ணயர்ந்தேன். வீட்டிலேயே அட்டையில் குறித்து, பெயர் எழுதாமல், எண் மட்டும் போட்டுப் பெட்டியில் போட வேண்டும். எத்தனையோ படிவங்கள் தயாரித்த எனக்கு இது தோன்றவில்லை.

முதல் வாரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு அட்டையில்கூட தேவலை இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இந்தப் பெண்களின் வயதில் இருந்தபோது, அவளிடமும் தினமும் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, "உடம்பு எப்படி?" என்று கேட்டிருக்கிறேன். "தேவலைங்க" என்பாள். அதைக் கேட்டு நிம்மதியாகக் கல்லூரிக்குப் போய்விடுவேன்.