பின்கட்டில் நின்ற நீலப் பீப்பாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவில், ஜோகூர் பாருவை அடுத்த பெர்மாஸ் ஜெயாவில் நிகழ்ந்தது இது. இராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரியொன்றில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், அங்கே ஒரு தனியார் மொழிப் பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பணி ஏற்றிருந்தேன். வரிசை வீடுகளுள் ஒன்றில் தனியே குடியிருந்தேன்.

குடியேறிய வாரத்தில், கட்டிலுக்கும் முன்னதாக நான் வாங்கியவை இரண்டு பெரிய நீல நெகிழிப் பீப்பாய்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும் ஊரில் அறுபது ஆண்டு வாழ்ந்தவனுக்கு, நிறைந்த பாத்திரம் கண்ணில் படாவிட்டால் உறக்கம் பிடிக்காது. அங்கோ குழாயைத் திருகிய பொழுதெல்லாம் நீர் கொட்டியது. ஆயினும் ஒன்றை அன்றாடப் புழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றைப் பின்கட்டில் அடுத்த வீட்டுச் சுவரோரம் சேமிப்பாக நிரப்பி வைத்தேன். சேமிப்பை நான் தொடுவதில்லை. அதன் மேல் ஒரு பலகை கிடந்தது. அது வாயை முழுதும் மூடவில்லை.

அடுத்த வீட்டில் ஓர் இணையர். கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். மனைவி மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் பணியாளர், நாற்பதைக் கடந்தவர். எந்தக் கடையில் நல்ல அரிசி, எந்த நாளில் குப்பை எடுப்பார்கள் என்று அவ்வூரை எனக்குப் பழக்கியவர் அந்த அம்மையாரே. கணவர் வேலிக்கு அப்பாலிருந்து சீண்டுவார்: “என்ன சார், பக்கத்துல கடல் இருக்கே, பத்தலியா? இந்த தோங்குல கப்பல் விடப் போறீங்களா?” பீப்பாயை அவர்கள் தோங் என்றே அழைத்தனர்.

ஒருநாள் குழாய் நீர் அரைநாள் நின்றுபோயிற்று. முன்பக்கத்துப் பீப்பாயிலிருந்து நான்கு வீட்டாருக்கு வாளி வாளியாக அளித்தேன். “எங்கள் ஊர் அறிவு எப்படி?” என்று அம்மையாரிடம் பெருமிதத்தோடு கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டுப் போனார்.

மேற்பார்வையாளர் பதவிக்கான நேர்காணல் அவருக்கு வரவிருந்தது. ஆகவே மாலைகளில் என் வீட்டு முன்தாழ்வாரத்தில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்துவந்தேன். ஒரு மாலை அவர் கேட்டார்:

“சார், பெரியவங்க ஒருத்தர் தெரியாம ஒரு தப்பு செய்றாங்கன்னு வைங்க. அவங்க மனசு நோகாம இங்கிலீஷ்ல எப்படி சார் சொல்றது?”

“உங்கள் மேலாளர் அவ்வளவு கடுமையானவரா?” என்றேன்.

“ஐயோ, ரொம்ப நல்லவரு சார். நல்லா படிச்சவரு. அதான் பயமா இருக்கு லா.”

‘ஐயா, மன்னிக்க வேண்டும்; தாங்கள் கவனியாத ஒன்றை நான் சொல்லலாமா?’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். பத்து முறை சொல்லவைத்தேன். ஒலிப்பைத் திருத்தினேன். பதினோராம் முறை என் முகத்தைப் பார்த்தே பிழையின்றிச் சொன்னார். “மிக நன்று” என்று கூறிப் புத்தகத்தை மூடினேன். அவர் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. “மாத்திரை போட்டுட்டேன் சார், சரியாயிரும்” என்று வேலைக்கும் போனார். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தனர். டிங்கி, அதாவது டெங்கு, என்றார்கள். ஏழாம் நாள் இறந்துபோனார்.

மறுநாள் சுகாதாரத் துறையினர் எங்கள் வரிசையை வீடு வீடாக ஆய்ந்தனர். என் பின்கட்டுப் பலகையை நகர்த்திய இளம்பெண் அதிகாரி, வெள்ளை அகப்பையில் நீரை மொண்டு என் கண்ணெதிரே நீட்டினார். நூற்றுக்கணக்கான கொசுப்புழுக்கள் நெளிந்தன. “பக்சிக், எத்தனை நாளாக இந்த நீரை மாற்றவில்லை?” என்று, பெரியவரை அழைக்கும் மலாய்ச் சொல்லோடு ஆங்கிலத்தில் கேட்டார். தண்டத் தாளை வாங்கிக்கொண்டேன். அம்மையாருடைய உயிரைக் குடித்த கொசு என் நீரில்தான் பிறந்தது என்று எவரும் உறுதிசெய்யவில்லை. இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பின்னர் அவர் கணவரிடம் சென்று, பீப்பாயைப் பற்றிச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

“தெரியும் சார். துணி காயப்போடறப்ப சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துட்டா. பலகை சந்துல புழு நெளியுதுன்னா. சொல்லிட்டு வரேன்னு மூணு தடவ கெளம்பினா. மூணு தடவையும் பாடம் படிச்சிட்டுத் திரும்பி வந்துட்டா. ‘வாத்தியாருகிட்ட தமிழ்ல சொன்னா வெடுக்குன்னு இருக்குங்க, இங்கிலீஷ்ல மரியாதையா சொல்றேன்’னா.”



“நானாச்சும் நேரா சொல்லியிருக்கணும்,” என்று தொடர்ந்தார். “கப்பல் விடறீங்களான்னு கிண்டல்தானே பண்ணேன்.” பிறகு, “நீங்க போங்க சார்” என்று மெல்லச் சொல்லி, இரும்புக் கதவைச் சாத்தினார்.

ஒப்பந்தம் முடியும்வரை அவ்வீட்டிலேயே இருந்தேன். அவர் அதன்பின் என்னோடு பேசியதில்லை. வெறுப்பாகப் பார்த்ததும் இல்லை. பீப்பாய்கள் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன். இன்று ஊர் திரும்பி, மீண்டும் குடம் நிரப்பி வாழ்கிறேன். ஒவ்வொரு குடத்தையும் இறுக மூடும்போது அந்தப் பதினோராம் முறை நினைவுக்கு வருகிறது. ஒரு பிழையைச் சொல்ல மற்றவர் அத்தனை ஒத்திகை பார்க்க வேண்டிய முகமொன்று எனக்கு இருந்திருக்கிறது. அதை நான் எந்தக் கண்ணாடியிலும் கண்டதே இல்லை.