ஏணியக்காவின் எழுபத்திரண்டு அங்குல வில்

ஆறடி நாலு அங்குலம். மருந்துக் கிடங்கில் மேல்தட்டு அட்டைப்பெட்டிகளை நின்ற இடத்திலிருந்தே கை நீட்டி எடுத்துவிடுவதால், அவளுக்கு ஏணியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வராது. கோபம் வருவது வில் கிளப்பில்தான்.

கிளப் அணியில் நாலு பேருக்குத்தான் இடம். ஏணியக்கா மூன்று வருடமாக ஐந்தாவது. சேர்ந்த புதிதில் ஆசை தீர இழுத்ததில், அறுபத்தாறு அங்குல நெடுவில் ஒன்று மளாரென்று முறிந்தது. "இன்னொண்ணு உடைஞ்சா இந்தப் பக்கமே வராதீங்கம்மா" என்று செயலாளர் ஒரே போடாகப் போட்டார். அன்றிலிருந்து முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, பயந்து பயந்து எய்தாள். பயந்து விட்ட அம்பு எங்கே போய்க் குத்தும்? இலக்கின் நடு மஞ்சளைத் தவிர மற்ற எல்லா வட்டத்திலும் குத்தியது.

"இந்த வருசமும் இடம் கிடைக்கலன்னா விட்டுடறேங்க" என்றாள் கணவனிடம். அவன் தையல்காரன். மனைவியின் குரல் உடைந்ததைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினான்.

"யாருக்கோ செஞ்ச வில்லோட ஏன் மல்லுக்கட்டற? உனக்குன்னு ஒண்ணு செய்யச் சொல்லு."

வில் செய்பவருக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பில் உயரத்தைச் சொன்னாள்.

"உயரம் கிடக்கட்டும்மா. நாணை எவ்ளோ தூரம் இழுப்பீங்க?"

"இருபத்தெட்டு இஞ்ச். கிளப்ல அளந்தாங்க."

"ஆறடி நாலுக்கு இருபத்தெட்டா? யார் அந்தப் புண்ணியவான்?"

மறுநாள் கிளப்புக்குப் போய்க் கேட்டாள். செயலாளர் பெருமையாகப் பதிவேட்டை விரித்தார். அவள் தோளுக்குக்கூட வராத பல் டாக்டரம்மாவுக்கும் இருபத்தெட்டு, மலை மாதிரி இருக்கும் லாரி டிரைவருக்கும் இருபத்தெட்டு. நாணில் ஓர் அம்பை வைத்து, அதன் முனை வில்லைத் தொடும்வரை இழுக்கச் சொல்லி அளந்திருக்கிறார். அந்த அம்பின் நீளமே இருபத்தெட்டுதான்! குட்டையானவர்கள் முக்கி முனகி அதுவரை இழுத்தார்கள். நெட்டையானவர்கள் அம்பு நழுவிவிடுமே என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக மனிதர் அம்பைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட கணவன் வயிறு வலிக்கச் சிரித்தான். "இந்த ஆளு தையக்கடை வச்சிருந்தா ஊருக்கே ஒரே சட்டைதான்!" பிறகு அவளைச் சுவரோடு நிறுத்தி, இரண்டு கையையும் விரிக்கச் சொன்னான். டேப் அறுபதோடு தீர்ந்துவிட்டது. சாக்கட்டியால் கோடு போட்டு, மீதியை அங்கிருந்து பிடித்தான். விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்கு எழுபத்தொன்பது.

"அதை இரண்டரையால வகுங்க. முப்பத்தொண்ணரைக்கு மேல வருதா?" என்றார், போனில் பழைய வில் முறிந்த கதையையும் கேட்ட வில் செய்பவர். "அறுபத்தாறு இஞ்ச் வில்லு அவ்ளோ இழுப்பைத் தாங்காதும்மா. அது உடைஞ்சது உங்க தப்பே இல்ல. எழுபத்திரண்டு செஞ்சு தரேன், அம்பும் நீளமா தரேன்."

போனை வைத்துவிட்டு ஏணியக்கா கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் பாதி, மூன்று வருடம் போனதே என்ற ஆத்திரத்தில் பாதி.

தேர்வு நாளன்று புது வில்லைப் பார்த்த செயலாளர், "என்னம்மா, துணி காயப்போடவா?" என்றார். முதல் அம்பில் கை பழக்க தோஷத்தில் பாதியிலேயே நின்றது. அம்பு வெளிவட்டத்தில் போய்க் குத்தியது. இரண்டாவதை எடுத்தாள். முறிஞ்சா முறியட்டும் என்று தோளை விரித்து, பெருவிரல் தாடையில் படும்வரை இழுத்தாள். வில் ஒரு முனகல்கூட முனகவில்லை. அம்பு மஞ்சளின் நடுவில் நின்றது.

அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும். முப்பது அம்பில் இருபத்திரண்டு மஞ்சள். லாரி டிரைவர் தன் முறையை மறந்து கைதட்டினார். கூட்டிப் பார்த்தபோது ஏணியக்காதான் முதல், இரண்டாவது ஆளைவிடப் பதினோரு புள்ளி அதிகம்.

அணியின் நாலு பேரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்க வந்தார் செயலாளர். போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலை வெட்டுப்படுது, கொஞ்சம் குனிங்கம்மா" என்றார்.

"நான் குனியமாட்டேன் சார்" என்றாள் ஏணியக்கா. "நீங்க நாலடி பின்னால போங்க."

செயலாளர் போனார்.