சிவக்காத கட்டம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்த அறைக்குப் பக்கத்து அறையில் அவன் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை ஒன்பது மணிக்குச் சுவரிலிருக்கும் பெரிய திரையை அண்ணாந்து பார்ப்பான். நாற்பது கட்டங்களும் பச்சையாக இருந்தால் மேலதிகாரிக்கு ‘எல்லாம் பச்சை’ என்று செய்தி போகும். ஆபீஸில் பச்சை என்றே அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரருக்கு அது தெரிந்தது பெரிய வம்பு. வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்னப்பா, எல்லாம் பச்சைதானே?" என்பார். நூறு தடவை கேட்ட வேடிக்கைதான். ஆனாலும் அத்தான் சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

பதினேழாவது கட்டம் லேபுக்கானது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுக்கு அனுப்பும் புரோகிராம், தான் செய்வதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதில் பிழை என்று ஒரு வரி விழுந்தால் கட்டம் சிவக்கும். இந்த வசதி வந்ததிலிருந்து லேபில் யாரும் வார்டுக்குப் போன் செய்வதில்லை.

முன்பெல்லாம் ஃபைல் காலியாக இருந்தாலும் சிவக்கும். தினமும் புது ஃபைல் தொடங்கும்போது ஐந்து நிமிடம் வீணாகச் சிவந்து, மேலதிகாரியின் போன் அலறும். அவர் ஒருநாள் இவனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றே இவன் ஒரு வரி சேர்த்தான்: ஃபைலில் ஒன்றும் இல்லையென்றால் பச்சை. அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்று வரம்பு போடவில்லை. தொல்லை விட்டது என்று இருந்துவிட்டான்.

சிறுநீரகம் கெட்டு அத்தான் ஆறாவது மாடியில் படுத்திருந்தார். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தால் உடனே டயாலிசிஸ், இல்லையென்றால் மறுநாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தரைக்கு அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ரிசல்ட் இன்னும் வரலைங்கறாங்க. நானே எறங்கிப் போய் லேப்ல கேட்டுட்டு வரட்டுமா?"

"லிஃப்ட் வேற ஓடலை. அந்த முட்டியை வச்சுக்கிட்டு ஆறு மாடி எறங்கி ஏறப் போறியா? பேசாம இருக்கா. இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. லேப்ல முடிச்சா அடுத்த நிமிஷம் மேல வந்துடும்."

"நீ சொன்னா சரி."

லேப் இவன் அறையிலிருந்து நாற்பது அடி. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். திரைதான் சொல்கிறதே என்று உட்கார்ந்திருந்தான்.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி போன். "கையெல்லாம் மரத்துப் போகுதுங்கறார்டா." அப்போதுதான் இவன் லேபின் லாக் ஃபைலைத் திறந்தான். ஓர் எழுத்து இல்லை. டிஸ்க் நிரம்பி, நள்ளிரவில் புது ஃபைல் தொடங்கியபோதே புரோகிராம் நின்றிருந்தது. வார்டுகளில் லேப் தாமதம் என்று நினைத்தார்கள். லேபில், அனுப்பியாயிற்று என்று நினைத்தார்கள்.

"அது ஒன்பது மணிக்கே அனுப்பியாச்சே சார்," என்றாள் லேப்காரப் பெண். பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. முடிவைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு ஆறு மாடியும் ஓடினான். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். உள்ளே ஒருவர் அத்தானின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு இருபதுக்கு நிறுத்தினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா, "தம்பி கீழேயே இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தான், விதி," என்றாள். நான்கு நாள் இவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஐந்தாம் நாள் தாங்கவில்லை. சமையலறையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது, தான் சேர்த்த அந்த ஒரு வரி உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அக்கா குழாயை மூடினாள்.

"ஒன்பது மணிக்கே ரெடியா இருந்துச்சா?"

"ம்."

"நான் எறங்கிப் போறேன்னு சொன்னேனேடா."

"உன் முட்டிக்காகத்தான்கா..."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முட்டி இப்பவும் வலிக்கத்தான்டா செய்யுது," என்றாள்.