நாய் செத்த வீட்டுக் கஞ்சி

மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் நாயோ பூனையோ செத்துப்போனால், ஞானஜோதி அங்கே கஞ்சி கொண்டு போவாள். மனிதர் செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை அவள் வாயில்லா ஜீவன்களுக்கும் நீட்டிவிட்டாள். இதென்ன கூத்து என்று சிரித்தவர்களில் நானும் உண்டு. என் வெள்ளைப் பூனை ஜீப்பில் அடிபட்டுச் செத்த அன்று தூக்குவாளியோடு என் வாசலில் வந்து நின்றாள். அதோடு என் வாய் அடைத்துப் போயிற்று.

அதற்காக அவளைத் தங்கமான குணம் என்று சொல்லிவிட முடியாது. குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர்கள் யாருமில்லை. பதினெட்டு வயதில் கொழுந்து கிள்ள வந்தவள், இன்று பேரன் எடுத்துவிட்டாள், நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் செத்த வீட்டில் அந்த நாக்கு அடங்கிவிடும். போய் உட்கார்வாள், அதன் பேரைக் கேட்பாள், அவர்கள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய பசு பள்ளத்தில் உருண்டு செத்தது. வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்காமல், அது எத்தனை லிட்டர் கறந்தது என்றுதான் கேட்டார்களாம். "எங்கிட்ட ஒருத்தியும் துஷ்டி கேக்கலக்கா. நானா கொழுந்துக் காட்டுக்குள்ள நின்னு அழுதேன்" என்று என்னிடம் சொன்னாள். அதிலிருந்துதான் இந்தக் கஞ்சி.

மூணாற்றிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் டிஸ்பென்சரிக்கு ஷிஜி என்று மனக்கஷ்டம் கேட்டு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் வருவாள். மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். ஞானஜோதியின் கஞ்சிக் கதையைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சேச்சி, நாங்க படிச்சிட்டுச் செய்யிற ஜோலிய நீங்க சும்மா செய்யிறீங்களே" என்றாள். ஞானஜோதிக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

இந்தப் பெருமையெல்லாம் பாப்பு செத்த நாளோடு போயிற்று.

பாப்பு சுவக்கீனுடைய நாய். சுவக்கீன் தேயிலை பாக்டரியில் வேலை செய்கிறவர், ஞானஜோதிக்கு ஒட்டுச் சுவர் வீட்டுக்காரர். மனைவி இறந்த பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான். அது அவர் வராந்தாவில் படுத்திருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால், லயத்துக் கடைசியில் கொய்யா மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தது. சிறுத்தை.

சுவக்கீன் வேலைக்குப் போகவில்லை. சோறு பொங்கவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் லயத்து வீரபாண்டி நல்லெண்ணத்தில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து மடியில் விட்டுவிட்டுப் போனான். புத்தி அவ்வளவுதான். சுவக்கீன் அதைத் தூக்கிக்கொண்டு போய் வீரபாண்டி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஞானஜோதி வருவாள் என்று லயமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வரவில்லை. ஒட்டுச் சுவர் வீடு, நாலு எட்டு வைத்தால் போதும், கூடையை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி அந்த வாசலைக் கடந்து வேலைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் பூனைக்குக் கஞ்சி, அந்த மனுசனுக்கு இல்லையா?

நான்தான் ஷிஜிக்குப் போன் போட்டேன். அவள் அன்றே ஜீப் பிடித்து வந்தாள். சுவக்கீன் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல மேடம். நாய்தான. மேடம் செரமப்பட வேண்டாம்." அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. கண் மட்டும் உள்ளே போயிருந்தது. மனுசன் நம்மிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஷிஜி நேரே ஞானஜோதி வீட்டுக்குப் போனாள். நானும் கூடவே போனேன். பிள்ளை பெற்று வந்திருக்கும் மகள் உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். ஞானஜோதி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நாந்தான் கட்டச் சொன்னேன் மேடம். அது வராந்தாவுல கெடந்து கொரைச்சா எங்க செவுத்துல இடி மாதிரி கேக்கும். பிள்ள முழிச்சு முழிச்சு அழுதான். ராத்திரி தூரமா கட்டுங்கண்ணேன்னு சண்ட போட்டேன். அவுக மறுபேச்சுப் பேசாம கொய்யாமரத்துல கொண்டுபோய்க் கட்டுனாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?"

"அந்த மூஞ்சிய வச்சிட்டுத்தான் போகணும் சேச்சி" என்றாள் ஷிஜி. "நான் சொன்னா அவருக்கு ஏறாது."

ஞானஜோதி எழுந்தாள். அரிசி களைந்தாள். கஞ்சி வெந்ததும் வாளியை என் கையில் கொடுத்து, "கூட வாங்கக்கா, தனியாப் போகத் தைரியமில்ல" என்றாள். அவள் நாக்குக்குப் பயந்து வாழ்ந்த எனக்கு அன்று அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சுவக்கீன் அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லித்தானண்ணே அங்க கட்டுனீக" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆமாம் என்பதுபோலவும் இருந்தது, இல்லை என்பதுபோலவும் இருந்தது.

"அன்னைக்கு ராத்திரி அது கொரைச்சிச்சு ஜோதி. எனக்குக் கேட்டிச்சு. உன் பேரன் முழிச்சிருவானேன்னு சன்னலத் தொறந்து, சும்மா கெடன்னு அதட்டுனேன். நான் சொன்னா அது கேக்கும். பேசாம இருந்திருச்சு."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஞானஜோதி ஆறுதல் சொல்லவில்லை.

"அப்ப நாம ரெண்டு பேருந்தாண்ணே" என்றாள்.

சுவக்கீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த மனுசன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கும் தாங்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்ட்டியா" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். பாப்பு போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று அவள் மகள் பிற்பாடு சொன்னாள். கஞ்சி கொண்டு போகிறவளுக்குக் கஞ்சி கொடுக்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நான் உள்ளே போய் இரண்டு கிண்ணம் எடுத்து வந்தேன்.